"நேத்து ஏனுங்க வரல?": வாய்க்கால் கரையில் ஒரு நடைப் போட்டி, நிகழ்வு ஆய்வு

ஊரின் பெயர் வேண்டாம். சொன்னால் ஆள் யாரென்று தெரிந்துவிடும் அளவுக்குச் சின்ன ஊர். ஈரோட்டிலிருந்து கொடுமுடி போகும் வழியில், காலிங்கராயன் வாய்க்காலை ஒட்டி இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் வெட்டிய வாய்க்கால். பவானி ஆற்றில் பிரிந்து 56 மைல் வளைந்து நெளிந்து நொய்யல் வரைக்கும் போகிறது. ஊருக்கு ஒரு பக்கம் மஞ்சள், கரும்பு, வாழை. மறுபக்கம் தறிக்குடோன்கள். வாய்க்கால் கரையில் கொஞ்ச தூரத்துக்குத் தார் போட்டிருக்கிறார்கள். காலை ஐந்தரைக்கு அங்கே நடக்க வருகிறவர்களைப் பற்றியது இந்த ஆய்வு.

நான் இயன்முறை மருத்துவர். அவர்களில் பலர் முட்டிவலிக்கும் இடுப்புவலிக்கும் என்னிடம் வந்து போகிறவர்கள். போட்டியின் விதிகளை இரண்டாம் முறை எழுதியபோது நானும் உட்கார்ந்திருந்தேன். அதனால் இதை ஒதுங்கி நின்று பார்த்தவனின் கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆட்களைத் தொழிலைக் கொண்டே குறிப்பிடுகிறேன்.

கூட்டம் தொடங்கிய கதை எல்லா ஊரிலும் உள்ளதுதான். சர்க்கரை என்று டாக்டர் சொன்னார், நடக்கச் சொன்னார், தனியாக நடக்கச் சலிப்பாக இருந்தது, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். தறி முதலாளி ஒருவர், மளிகைக்கடைக்காரர், ரிட்டயர்டு வாத்தியார், மஞ்சள் மண்டிக் கணக்குப்பிள்ளை, அங்கன்வாடி டீச்சர், அவருடைய நாத்தனார் என்று இருபது பேருக்கு மேல் சேர்ந்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தமிழ்நாடு உட்பட நான்கு இடங்களில் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், 54.4 விழுக்காட்டினருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை என்று வந்தது. ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சியோ விளையாட்டோ உள்ளவர்கள் 10 விழுக்காட்டுக்கும் கீழே. தறி முதலாளி இதை ஒப்புக்கொள்ளவே மாட்டார். "நாளெல்லாம் குடோன்லதானுங்க நிக்கறேன், அது கணக்குல வராதுங்களா?" நிற்பது நிற்பதுதான், நடையாகாது. நாற்காலியில் உட்கார்ந்து தறியைப் பார்ப்பது அதுவும் இல்லை.

முதல் சில மாதம் நன்றாகவே போனது. பிறகு மழை வந்தது, மஞ்சள் வேக வைக்கும் வேலை வந்தது, கல்யாண முகூர்த்தங்கள் வந்தன. கூட்டம் சுருங்கி, நடக்கிற நேரத்தைவிட டீக்கடையில் உட்காருகிற நேரம் கூடிப்போனது. ஒரு வாட்ஸ்அப் குழு மட்டும் கலகலவென்று இருந்தது. விடிந்தால் ரோஜாப்பூப் படத்தோடு காலை வணக்கம், "உடலே கோயில்" என்று ஒரு வாசகம், அதன் கீழே வரிசையாகக் கைகூப்பு. வாழ்த்துச் சொன்னவர்களில் பாதிப் பேர் அந்த நேரத்தில் கட்டிலில்தான் இருந்தார்கள்.

முதல் போட்டி

திருப்பூரில் பனியன் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பையன், வாத்தியாரின் மருமகன், ஊருக்கு வந்தபோது எல்லார் போனிலும் நடை எண்ணும் செயலியைப் போட்டுக்கொடுத்தான். ஆடிப் பதினெட்டில் தொடங்கி தீபாவளி வரை போட்டி. தினமும் இரவு ஒன்பது மணிக்கு, யார் எத்தனை அடி என்று மேலிருந்து கீழ் வரை பட்டியல் குழுவில் வரும். வாரக் கடைசியில் முதலாமவருக்கு இளநீர், கடைசி ஆள் எல்லாருக்கும் டீ வாங்க வேண்டும். ஊர் நடுவில் இதைத் தவிர வேறு பேச்சில்லை.

வராமல் இருந்தவர்கள் வந்தார்கள். மளிகைக்கடைக்காரர் கடைக்குச் சரக்கு எடுக்க வண்டியை விட்டுவிட்டு நடந்தே போனார். கணக்குப்பிள்ளை ராத்திரி பத்து மணிக்கு மொட்டைமாடியில் சுற்றினார். அடுத்த வீட்டில் திருடன் என்று டார்ச் அடித்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் போட்டி ஜெயித்துவிட்டது என்றுதான் தோன்றும்.

ஆனால் பட்டியலின் தலையிலும் அடியிலும் நடந்தது வேறு. தலையில் நான்கைந்து பேர் மட்டும் ஒருவரையொருவர் துரத்தினார்கள். அதில் மளிகைக்கடைக்காரரும் அவர் மச்சானும் உண்டு. மச்சானிடம் தோற்பது என்பது கொங்கு நாட்டில் வெறும் தோல்வி இல்லை, அடுத்த விசேஷம் வரைக்கும் பேச்சு. மளிகைக்கடைக்காரர் இரண்டு வாரத்தில் நடையை இரட்டிப்பாக்கினார். குதிகாலைக் காலையில் தரையில் ஊன்ற முடியாமல் என்னிடம் வந்தார். தசையும் நுரையீரலும் சீக்கிரம் பழகிக்கொள்ளும். குதிகாலிலிருந்து உள்ளங்கால் வழியாக விரல்கள் வரை போகும் சவ்வு அவ்வளவு சீக்கிரம் பழகாது. திடீரென்று பாரத்தைக் கூட்டினால் முதலில் வலிப்பது அதுதான். போதாததற்கு, சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றில் ஒன்றரை மணி நேரம் நடந்து, ஒருநாள் மதகுக்குப் பக்கத்தில் கண்ணிருட்டி உட்கார்ந்திருக்கிறார். வேகம் காட்டுவதற்கு முன் அந்த மாத்திரை எது, சாப்பிடுவதற்கு முன்னா பின்னா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதைப் போட்டி நடத்தும் ஒருவரும் சொல்வதில்லை.

களவும் நடந்தது. சொல்லாமல் விடுவதற்கில்லை. ஒருவர் பேரனின் டவுசர் பையில் போனைப் போட்டு விளையாட அனுப்பினார். தறி முதலாளியின் கணக்கோ இரண்டு மணி நேரத்தில் மலை மாதிரி ஏறியது. போனைத் தறியின் மேல் வைத்திருந்தார். சாதாத் தறி நிமிடத்துக்கு நூற்றுச் சொச்சம் தடவை அடிக்கும். மனிதனின் வேக நடையும் ஏறக்குறைய அதே கணக்குதான். செயலிக்கு எங்கே வித்தியாசம் தெரியும்!

அடியில் இருந்தவர்கள் சத்தமில்லாமல் நின்றுபோனார்கள். அங்கன்வாடி டீச்சர் சொன்னது இது: "தெனம் ராத்திரி ஒம்பது மணிக்கு எம் பேரு கடைசியில வருதுங்க. வீட்டுக்காரரு போனப் பாத்துச் சிரிக்கறாரு. நான் போன வாரத்தவிட எச்சாத்தான் நடந்திருக்கேன், அத எங்கீங்க போடறாங்க? நாளையிலிருந்து வரலீங்க." அவருக்குப் பின்னால் நாத்தனாரும் நின்றார், வாத்தியாரும் நின்றார். நடை யாருக்கு அதிகம் தேவையோ, பட்டியல் அவர்களைத்தான் முதலில் வெளியே தள்ளியது.

இது புதுசில்லை

போட்டி எல்லாரையும் ஒரே மாதிரி இழுக்காது என்பது விளையாட்டு உளவியலின் தொடக்ககாலச் சோதனை ஒன்றிலேயே இருக்கிறது. 1898இல் அமெரிக்காவில் நார்மன் டிரிப்லெட் என்பவர் சைக்கிள் பந்தயப் பதிவேடுகளைப் பார்த்து, தனியே ஓட்டுவதைவிடக் கூட ஆள் இருக்கும்போது வேகம் கூடுவதைக் கண்டார். பிறகு 40 குழந்தைகளை மீன்தூண்டில் உருளையைச் சுற்றவிட்டார், தனியாகவும் ஜோடியாகவும். 20 பேர் ஜோடியில் வேகமானார்கள். 10 பேருக்கு வித்தியாசமே இல்லை. மீதி 10 பேர் பதற்றத்தில் மெதுவானார்கள். முதல் இருபதைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். நம் டீச்சர் அந்தக் கடைசிப் பத்தில் இருக்கிறார்.

இந்த ஊர் நிகழ்வைப் புரிந்துகொள்ள எனக்கு அதிகம் உதவியது 1920களில் ஜெர்மனியில் ஓட்டோ கோலர் செய்த சோதனை. பெர்லினில் ஒரு படகுச் சங்கத்து ஆட்களை எடையை மடக்கித் தூக்கச் சொன்னார், முடியாமல் போகும் வரை. முதலில் தனித்தனியாக. பிறகு இரண்டு பேர் சேர்ந்து ஒரே கம்பியில் இரட்டை எடையை. ஒருவர் கைவிட்டால் மற்றவரால் தாங்க முடியாது. ஆகவே பலம் குறைந்தவர் நிற்கும் வரைதான் ஜோடி நிற்கும். அந்தப் பலம் குறைந்தவர், தனியாகச் செய்ததைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார். அதிலும் இரண்டு பேரும் ஒரே பலமாக இருந்தால் இது பெரிதாக நடக்கவில்லை, மலைக்கும் மடுவுக்குமாக இருந்தாலும் நடக்கவில்லை. நடுத்தர வித்தியாசம் இருக்கும்போதுதான் நன்றாக நடந்தது. எட்டிவிடலாம் என்று தோன்றுகிற தூரத்தில் ஒருவர் முன்னால் போக வேண்டும். நாம் விட்டால் அவரும் விழுவார் என்று இருக்க வேண்டும். இரண்டும் சேர வேண்டும்.

இதை அமெரிக்காவில் பிராண்டன் இர்வினும் டெபோரா ஃபெல்ட்ஸும் மற்றவர்களும் 2012இல் வீட்டுச் சைக்கிளில் பெண்களை வைத்துச் செய்து பார்த்தார்கள். தனியாக மிதித்தவர்கள் சராசரியாக 10.6 நிமிடம். தங்களைவிடக் கொஞ்சம் கெட்டிக்காரியான ஒரு கூட்டாளியைத் திரையில் பார்த்துக்கொண்டு மிதித்தவர்கள் 19.8. இரண்டு பேரில் யார் முதலில் நிறுத்துகிறாரோ அவர் நேரம்தான் குழுவின் நேரம் என்று சொல்லப்பட்டவர்கள் 21.9. திரையில் வந்தது முன்பே பதிவு செய்த காட்சிதான். அதற்கே இப்படி.

வாட்ஸ்அப் ரோஜாப்பூவுக்கும் ஒரு ஆய்வு இருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 790 மாணவர்களை வைத்து 11 வாரம் நடத்தி 2016இல் வெளியிட்டது. சிலருக்குப் போட்டிப் பட்டியல், சிலருக்கு ஒருவரையொருவர் ஊக்கப்படுத்திப் பேசிக்கொள்ளும் குழு, சிலருக்கு எதுவுமில்லை. போட்டி இருந்த குழுக்களில் உடற்பயிற்சி வகுப்புக்கு வருகை, எதுவும் இல்லாதவர்களைவிட 90 விழுக்காடு கூடுதல். ஆறுதலும் வாழ்த்தும் மட்டும் இருந்த குழுவோ, எதுவுமே இல்லாத குழுவையும்விடக் கீழே போனது. அப்படிப்பட்ட குழுவில் வராதவர்கள் பக்கம் எல்லார் கண்ணும் திரும்பி, எல்லாரும் அந்த மட்டத்துக்கு இறங்கிவிடுகிறார்கள் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். எங்கள் ஊர்க் குழுவைப் பார்த்தவனுக்கு இதில் ஆச்சரியம் இல்லை.

இரண்டாம் போட்டி

தீபாவளி முடிந்து கார்த்திகையில் மறுபடி தொடங்கினார்கள். இந்தத் தடவை பொதுப் பட்டியல் கிடையாது. மூன்று மூன்று பேராகப் பிரித்தோம். நடையில் கிட்டத்தட்ட ஒத்தவர்கள், ஆனால் ஒருவர் மற்றவரைவிடக் கொஞ்சம் முன்னால் இருக்கும்படி. ஒவ்வொருவருக்கும் அவரவர் பழைய வாரச் சராசரிதான் அடிக்கல். அதிலிருந்து எவ்வளவு ஏறினார் என்பது மட்டும் கணக்கு. மூவரில் யார் குறைவாக ஏறினாரோ அவருடைய கணக்குதான் குழுவின் கணக்கு.

உச்சவரம்பும் வைத்தோம். பத்தாயிரம் அடி என்று எல்லார் வாயிலும் வருகிறதே, அது 1965இல் ஜப்பானில் ஒரு நடைமானி விற்க வைத்த பெயரிலிருந்து பரவியது. மருத்துவம் கண்டுபிடித்த எண் இல்லை. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 2022இல் வெளியான கணக்குப்படி, 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஆயுள் பலன் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடிக்குள்ளேயே சமமாகிவிடுகிறது, அதற்குக் கீழ் வயதுக்காரர்களுக்கு எட்டாயிரம் முதல் பத்தாயிரத்துக்குள். ஆகவே அதற்கு மேல் நடந்தால் நடந்துகொள்ளலாம், போட்டியில் சேராது. மச்சான்கள் துரத்தல் அன்றோடு முடிந்தது.

மாற்றம் தெரிந்தது பட்டியலில் இல்லை, தெருவில். காலை ஐந்தேகாலுக்கு வாசலில் வந்து கூப்பிட ஆரம்பித்தார்கள். "வாத்தியாருங்க, எந்திரிச்சாச்சுங்களா?" ஒருநாள் வராமல் இருந்தால் மறுநாள் மளிகைக்கடையில் வைத்தே, "நேத்து ஏனுங்க வரல?" திட்டும் இல்லை, ஆறுதலும் இல்லை. ஆனால் பதில் சொல்லியாக வேண்டும். என் கணிப்பில் இரண்டாம் போட்டியின் முழு உயிரும் இந்தக் கேள்வியில்தான் இருந்தது. முதல் போட்டியில் டீச்சர் நின்றபோது ஒருவரும் அவரைத் தேடவில்லை. தேட யாருக்கும் காரணம் இல்லை, அவர் நின்றால் பட்டியல் ஒரு வரி குறையும், அவ்வளவுதான். இப்போது அவர் வராவிட்டால் இரண்டு பேரின் வாரம் போகும். ஆள் அனுப்பிக் கூட்டி வந்தார்கள்.

சிக்கலும் வந்தது. கணக்குப்பிள்ளை வீட்டில் மகள் கல்யாணம். இரண்டு வாரம் அவரால் வாசலைத் தாண்ட முடியவில்லை. அவர் குழுவிலிருந்த மற்ற இருவரும் பந்தியில் உட்கார்ந்துகொண்டே முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள். கடைசி ஆளின் கணக்கே எல்லாருக்கும் என்ற விதி, அந்தக் கடைசி ஆளுக்குப் பாரமும்தான். அதனால் ஒவ்வொருவருக்கும் சில வாரங்கள் கணக்கில் சேராத விடுப்பு என்று திருத்தினோம். இன்னொரு குழு பழைய வரப்புத் தகராறில் உடைந்தது. அதற்கு விதியில் மருந்தில்லை.

பட்டியலில் முதலில் நின்ற இளைஞர் ஒருவருக்கு மட்டும் இந்த ஏற்பாடு பிடிக்கவே இல்லை. "என்னைய எதுக்குங்க கட்டிப் போடறீங்க?" நியாயமான கேள்வி. அவருக்கு வேண்டியது அவரைவிட வேகமானவர்கள். 2013 முதல் நடக்கும் கோயம்புத்தூர் மாரத்தானில் 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கப் போய்விட்டார்.

பெண்களின் சாயங்காலம்

பெண்கள் இரண்டு மாதத்தில் தனியாகப் பிரிந்தார்கள். உலகம் முழுதும் 11 லட்சம் பேரின் ஓட்டப் பதிவுகளை ஐந்து ஆண்டு பார்த்து 2017இல் வெளிவந்த ஒரு ஆய்வு இருக்கிறது. நண்பர்கள் ஒரு கிலோமீட்டர் கூடுதலாக ஓடினால் நாமும் அன்றைக்கு 0.3 கிலோமீட்டர் கூடுதலாக ஓடுகிறோம் என்று அது கணக்கிட்டது. ஆண்களை ஆண், பெண் இரு பக்க நண்பர்களும் இழுத்தார்கள். பெண்களைப் பெண் நண்பர்கள் மட்டுமே இழுத்தார்கள். எங்கள் ஊரில் காரணம் இன்னும் எளிது: காலை ஐந்தரை என்பது சமையல் நேரம். ஆண்கள் வைத்த நேரம் அது.

சாயங்காலம் கோயில் திடலில் வள்ளி கும்மி பழக ஆரம்பித்தார்கள். வள்ளி ஒயில் கும்மிக்காகக் கோவை மாவட்டத்து பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்த பிறகு இந்தப் பக்கம் அதற்கு ஒரு தனி மவுசு. கும்மி வாத்தியார் பாட, கால் மாற்றி, குனிந்து நிமிர்ந்து, கை தட்டிச் சுற்ற வேண்டும். மிதமான உடற்பயிற்சிக்கு நாங்கள் சொல்லும் அடையாளம் ஒன்று உண்டு: பேச முடியும், பாட முடியாது. கும்மியில் மூன்றாவது பாட்டுக்கு மேல் பின்பாட்டு எடுக்க முடியாமல் பாதிப் பேர் மூச்சு வாங்கினார்கள். அளவு சரியாக இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன கணக்கில், நடையையும் சேர்த்தால் அவர்கள் தாராளமாக வந்துவிடுகிறார்கள்.

இங்கே பட்டியலும் இல்லை, இளநீரும் இல்லை. ஒருத்தி அடி தப்பினால் வட்டமே தப்பும், அவ்வளவுதான். பிரேசிலில் பள்ளி மாணவர்களை வைத்து 2015இல் செய்த சோதனையில், ஒரே தாளத்தில் சேர்ந்து ஆடியவர்களுக்கு வலி தாங்கும் அளவு கூடியது, கூட ஆடியவர்களோடு நெருக்கமும் கூடியது. டீச்சரைக் கேட்டேன், முட்டி எப்படி இருக்கிறது என்று. "வலிக்குதுங்க. ஆனா ஆடறப்ப தெரியறதில்லீங், வீட்டுக்குப் போய்த்தான் தெரியுது." மருத்துவனாக எனக்கு இதில் பாதி மகிழ்ச்சி, பாதிக் கவலை. தொடையின் முன்தசைக்கு இரண்டு பயிற்சி எழுதிக்கொடுத்தேன். கும்மிக்கு முன் அதையும் எல்லாரும் சேர்ந்தே செய்கிறார்கள். தனியாக வீட்டில் செய்யச் சொன்னபோது ஒருவரும் செய்ததில்லை.

போட்டி முடிந்த பிறகு

பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துப் பழனிக்கு நடந்து போவது இந்தப் பக்கத்து வழக்கம். சாதாரண நாளில் டீக்கடைக்கு வண்டியில் போகிறவர் செருப்பில்லாமல் பழனி வரை நடக்கிறார். கூட்டமும் வேண்டுதலும் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் பழனியிலிருந்து பஸ்ஸில் திரும்பியதும் நடையும் நின்றுவிடும். முடிவு தேதி உள்ள எந்த உற்சாகத்துக்கும் இந்தக் கதிதான். எங்கள் போட்டியை பங்குனி உத்திரத்தோடு முடித்தபோது இதுதான் பயமாக இருந்தது.

அமெரிக்காவில் 602 பேரை 24 வாரம் நடக்க வைத்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், போட்டி, ஆதரவு, கூட்டு முயற்சி என்று மூன்று வகையும் பலன் தந்தன. இந்த மூன்றும் இல்லாத ஒப்பீட்டுக் குழுவைவிட போட்டிக்காரர்கள் நாளுக்கு 920 அடி அதிகம், ஆதரவுக் குழு 689, கூட்டு முயற்சிக் குழு 637. எல்லாம் நின்று 12 வாரம் கழித்துப் பார்த்தபோது போட்டிக் குழுவில் மட்டுமே பலன் தங்கியிருந்தது. அங்கேயும் போட்டி மூன்று மூன்று பேருக்குள்தான். நூறு பேர் பட்டியல் இல்லை. எங்கள் ஊரில் பங்குனிக்குப் பிறகு மூவர் குழுக்களில் சில கலைந்தன. கலையாதவை எல்லாம் ஒரே தெருவில் வீடு உள்ளவை. நடையில் ஒத்தவர்களைச் சேர்ப்பதா, அக்கம்பக்கத்தவரைச் சேர்ப்பதா என்று அடுத்த தடவை கேள்வி வந்தால், நான் அக்கம்பக்கம் என்றே சொல்வேன். வாசலில் நின்று கூப்பிட முடிகிற தூரம் செயலியைவிடப் பெரிது.

ஒரு குறை பாக்கி இருக்கிறது. இதெல்லாம் காலையில் நேரம் உள்ளவர்களின் கதை. ராத்திரி ஷிப்டு முடித்துத் தறித் தொழிலாளர்கள் ஐந்தரைக்குத்தான் பாயை விரிக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு போட்டி வைக்கலாம் என்று முதலாளி ஒப்புக்கொண்டார், அதுவும் தறியில் போன் வைத்த அதே முதலாளி. ஷிப்டு மாறும் நேரத்தில் போய்ச் சொன்னபோது ஒரு தொழிலாளி கேட்டார்: "பன்னண்டு மணி நேரம் தறிக்குத் தறி நடக்கறோமுங்க. இன்னும் எதுக்கீங்க நடக்கச் சொல்றீங்க?" அவர் சொன்னது சரி. அவர்களுக்கு அடி எண்ணிக்கை வேண்டியதில்லை. இடுப்புக்கும் தோளுக்கும் நீட்டல் பயிற்சியும் பலப்பயிற்சியும் வேண்டும். இப்போது இரண்டு குடோன்களில் ஷிப்டு மாறும்போது கால் மணி நேரம், எதிரெதிர் ஜோடியாக அதைச் செய்து பார்க்கிறார்கள்.